முகம் தெரிய வேண்டும்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கிடைக்கும் சவப்பெட்டிகளும் ஐஸ் பெட்டிகளும்

சாவு வீட்டில் பெட்டி எடுக்கும் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மருத்துவமனை வாசலில் நிற்கும் யாரோ ஒருவர் போனில் பேசுகிறார், வாட்ஸ்அப்பில் நாலு படம் வருகிறது, பளபளப்பாக இருப்பதைக் காட்டி "இதை அனுப்புங்க" என்கிறார். அந்தப் படத்தில் பாலிஷும் கைப்பிடியும் லேஸும்தான் தெரியும். பக்கப் பலகை எவ்வளவு உயரம், அடிப்பலகை எப்படிப் பொருத்தியிருக்கிறது, மூடி எப்படித் திறக்கிறது என்பது தெரியாது. ஊரும் உறவும் வந்து கடைசியாக முகம் பார்க்கும் அந்த ஐந்தாறு மணி நேரம் நன்றாக நடக்க வேண்டுமென்றால், இந்த மூன்றையும்தான் முதலில் கேட்க வேண்டும். மரம், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது இங்கே பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டத்தின் பங்குகள், கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள், சி.எஸ்.ஐ. சபைகள், பெந்தெகொஸ்தே சபைகள் என எல்லா இடத்திலும் பெட்டி தேவைப்படுகிறது. இந்துக் குடும்பங்களில் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்து, பிறகு பாடையிலோ பூப்பல்லக்கிலோ எடுக்கிறார்கள். முஸ்லிம்கள் கஃபன் துணி சுற்றி, பள்ளிவாசலுக்குச் சொந்தமான சுமப்புப் பெட்டியான சந்தூக்கில் எடுத்துச் சென்று பெட்டியில்லாமல் அடக்குவார்கள்; அதிக நேரம் வைத்திருப்பதும் இல்லை. ஆகவே சவப்பெட்டி பற்றிச் சொல்வது முதல் வகையினருக்கு, ஐஸ் பெட்டி பற்றிச் சொல்வது ஏறக்குறைய எல்லோருக்கும்.

பக்கப் பலகையின் உயரம்

கடைகளில் தயாராக இருக்கும் பெட்டிகள் பலவற்றில் பக்கப் பலகை 14 அங்குலம், மூடி தட்டை. பார்க்க உறுதியாகத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் பெண்களும் வயதானவர்களும் பெட்டியைச் சுற்றித் தரையில்தான் உட்காருகிறார்கள். தரையில் உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 30 அங்குல உயரத்தில் இருக்கும். பெட்டியை வைக்கும் பெஞ்சு 18 அங்குலம். அதன் மேல் 14 அங்குலப் பக்கம் என்றால் விளிம்பு 32 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் பலகைதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் எழுந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அழுது களைத்த உடம்புக்கு அது பெரிய பாடு.

பக்கம் 9 அங்குலம், மூடி 6 அங்குல ஆழத்தில் வளைவாகவோ சரிவாகவோ இருக்கும் பெட்டிதான் எங்கள் முதல் தேர்வு. விளிம்பு 27 அங்குலத்தில் நிற்கும். உள்ளே 2 அங்குல மெத்தையும் தலைக்கு 3 அங்குலத் தலையணையும் வைத்தால் முகம் விளிம்புக்கு மேலே தெரியும். கைகளை மார்பில் கோத்துச் செபமாலை சுற்றினால் உடலின் உயரம் 10, 11 அங்குலம் வரும். அதற்கான இடத்தை ஆழமான மூடி கொடுத்துவிடுகிறது, முழங்கையோ மூக்கோ இடிக்காது. ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால் "பக்கம் ஒன்பது, மூடி ஆறு" என்று சொன்னாலே போதும். தயாரான 14 அங்குலப் பெட்டிதான் கிடைத்தது என்றால் பெஞ்சை விட்டுவிடுங்கள்: தரையில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்தாலும் போதும். உள்ளே மெத்தையைக் கூட்டி உயர்த்துவது இரண்டாவது வழி. அதில் உடல் அசையும், ஊர்வலத்தில் சாயும்.

மூடி

மூன்று விதம் கிடைக்கிறது. முழுசாகத் தூக்கி எடுக்கும் மூடி, கீல் வைத்துப் பாதியாகத் திறக்கும் மூடி, முகத்துக்கு நேரே கண்ணாடி பதித்த மூடி.

பாதி மூடி அமெரிக்கப் பெட்டிகளின் பாணி. அங்கே இடுப்புக்கு மேலே மட்டும் திறந்து வைத்து, வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நம்மிடம் அப்படி இல்லை. பேரப்பிள்ளைகள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், மருமகள் கொண்டுவந்த பட்டுச்சேலையைப் போர்த்த வேண்டும், பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். பாதி மூடியில் கால் பக்கம் அடைத்தே இருக்கும். கீழ்ப்பாதியையும் திறக்க முடிகிற பெட்டிகள் உண்டு, ஆனால் நாலு சின்னக் கீல்களில் தொங்கும் அந்த மூடி, கூட்டத்தில் யார் கையாவது பட்டால் சடாரென்று விழுகிறது. பெங்களூரு பக்கமிருந்து வரும் வெள்ளை, தங்க நிற அலங்காரப் பெட்டிகளில் இதுதான் அதிகம். வாடகைக் கார் மாதிரி மின்னுகிறது என்பதற்காக எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முழு மூடியே நம் வழக்கத்துக்குப் பொருந்துகிறது. எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம், சிலுவை மேல் பக்கம் தெரியும்படி. ஊர்வலத்தில் மூடியைத் தனியாக ஒருவர் சுமந்து வருவார். மூடியைப் பூட்டுவதற்குப் பெரும்பாலும் ஆணி தருகிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் சுத்தியல் அடிக்கும் சத்தம் அந்தக் குடும்பத்தை உலுக்கிவிடும். கையால் திருகும் பட்டாம்பூச்சித் திருகு ஆறு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதுதான். துளைகளை முன்கூட்டியே போட்டு, ஒரு தடவை மூடிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி வீட்டுக்கு வர வேண்டும். மரம் ஈரமாக இருந்தால் காலையில் பொருந்திய மூடி மாலையில் அரை அங்குலம் தூக்கிக்கொள்ளும்.

கண்ணாடி முகப்பு வேண்டிய இடங்கள் சில உண்டு: தொற்றுநோயால் இறந்தவர், விபத்தில் முகம் தவிர மற்ற இடமெல்லாம் சிதைந்தவர், பல நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்தவர். அப்போது கண்ணாடிக்குப் பதில் 4 மி.மீ. அக்ரிலிக் கேளுங்கள், உடையாது. தலைப் பக்க ஓரத்திலிருந்து 3 அங்குலம் தள்ளித் தொடங்கி, ஒன்றேகால் அடி நீளம் இருந்தால் முகம் முழுதும் தெரியும். பலர் நடுவில் பதித்துவிடுகிறார்கள். அதில் தாடையும் நெஞ்சும்தான் தெரிகிறது. சாதாரணச் சாவுக்கு இது வேண்டாம். உள்ளே ஆவி படிந்து ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும், துடைக்கவும் வழியில்லை.

அளவு

ஆதார் அட்டையிலோ நினைவிலோ இருக்கும் உயரத்தைச் சொல்லி அளவு கொடுப்பதால்தான் பாதிப் பிரச்சினை. இறந்தபின் பாதம் முன்னால் சாய்ந்து நீள்கிறது. ஓரிரு அங்குலம் கூடும். படுக்கவைத்து, உச்சந்தலையிலிருந்து கால் விரல் நுனி வரை டேப் பிடியுங்கள். ஷூ போடுவதானால் போட்டபின் அளக்க வேண்டும். அதனுடன் 3 அங்குலம் கூட்டினால் உள் நீளம். அகலம் அளப்பது தோளில் இல்லை, கையை மடித்த பிறகு இரண்டு முழங்கைக்கும் நடுவே; அங்கேதான் உடல் அதிகம் விரிகிறது. அதனுடன் 2 அங்குலம். நடுத்தர உடம்புக்கு உள் அகலம் 22 அங்குலம் வரும். சிறுநீரக நோய், ஈரல் நோயால் வயிறு வீங்கியவர்களுக்கு வயிற்று உயரத்தையும் சொல்ல வேண்டும். மூடி அழுத்தும் துன்பம் அங்கேதான் வரும்.

வடிவத்தில் இரண்டு. தோளில் விரிந்து காலில் குறுகும் ஆறு மூலைப் பெட்டி பழைய வழக்கம். மரம் குறைவு, எடை குறைவு, குழியும் சிறிது போதும். நாலு மூலை நேர்ப்பெட்டியில் இடம் தாராளம், பட்டுச்சேலை கசங்காது. ஒல்லியானவர்களுக்கு ஆறு மூலையும், முழங்கை அகலம் 20 அங்குலத்துக்கு மேல் போகிறவர்களுக்கு நேர்ப்பெட்டியும் நல்லது. ஆறு மூலைப் பெட்டியின் பலவீனம் தோள் மூலை. பக்கப் பலகையை அங்கே வளைப்பதற்காக உள்பக்கம் ரம்பத்தால் வரிவரியாக அறுப்பார்கள். அறுப்பு ஆழமாகப் போனால் சுமையில் அந்த இடம்தான் விரியும். விரலால் அழுத்தினால் அசைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாசலையும் அளந்துவிடுங்கள். உள் அகலம் 22, இரண்டு பக்கப் பலகையும் சேர்ந்து ஒன்றரை, கைப்பிடி பக்கத்துக்கு 2 என்றால் வெளி அகலம் 27 அங்குலத்துக்கு மேல். இரண்டரை அடி வாசலில் பெட்டி நுழையும், பக்கத்தில் பிடித்திருக்கும் ஆட்கள் நுழைய முடியாது. அதனால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு கைப்பிடி கட்டாயம் வேண்டும். தொகுப்பு வீடுகள், திண்ணையிலிருந்து நேரே சின்னக் கூடத்துக்குப் போகும் பழைய வீடுகள், மாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றில் பெட்டியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். கூடத்தில் ஐஸ் பெட்டி, பந்தலில் சவப்பெட்டி, நடுவில் உடலைக் கனமான போர்வையில் ஆறு பேர் தூக்கி மாற்றுவது: இதுதான் இடிக்காமல் சாயாமல் நடக்கும்.

மரம், அடிப்பலகை, கைப்பிடி

கிருஷ்ணகிரி மாங்காய்க்குப் பேர் போனது. காய்ப்பு நின்ற மரங்கள் அறுப்பு மில்லுக்கு வருவதால் மாம்பலகை இங்கே எளிதாகக் கிடைக்கிறது. முக்கால் அங்குல மாம்பலகைப் பெட்டி ஏறக்குறைய 50 கிலோ. ஆணியும் திருகும் நன்றாகப் பிடிக்கும். பூச்சி அரிக்கும், பூஞ்சை பிடிக்கும் என்பது மேசை நாற்காலிக்குக் குறை, மண்ணுக்குள் போகும் பெட்டிக்குக் குறையே இல்லை. காய்ந்த பலகைதானா என்பதை மட்டும் பாருங்கள். ஈரப் பலகை எடை கூடும், வளையும், பெயின்ட் பிடிக்காமல் கையில் ஒட்டும். தைலமரப் பலகை வேண்டாம், திருகு போட்ட இடத்திலேயே பிளக்கும். தூங்குமூஞ்சி வாகை பரவாயில்லை. தேக்கு கேட்கிறவர்கள் மனநிறைவுக்காகக் கேட்கிறார்கள். அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை, ஆனால் பார்வைக்கோ சுமப்பதற்கோ அதனால் கூடுதல் பலன் கிடையாது.

பிளைவுட் பெட்டிக்கு 12 மி.மீ. ஷீட் ஒன்றரை ஆகும். அடிப்பலகை மட்டும் 18 மி.மீ. போட வேண்டும். மொத்தம் 35 கிலோவுக்குள் முடியும், அவசரத்துக்கு நாலைந்து மணி நேரத்தில் செய்துவிடலாம். மேலே சன்மைக்கா ஒட்டினால் பளபளப்பும் வரும். குறை என்னவென்றால், சாதாரண பிளைவுட் ஓரத்தில் நீர் பட்டால் அடுக்கு விட்டுப் பிரியும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த உடலில் நீர் சொட்டும், பூமாலையிலிருந்தும் சொட்டும். உள் ஓரங்களில் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தால் அன்றைய நாளைத் தாங்கிவிடும். அழுத்திய தூளில் செய்த எம்.டி.எஃப். பலகையை அடிக்குப் போட்டிருந்தால் வாங்கவே கூடாது. ஈரத்தில் உப்பித் திருகு கழன்றுவிடும்.

எல்லா வகையிலும் அடி விட்டுப்போவதுதான் மிக மோசமான விபத்து. எப்படி நடக்கிறது என்றால், அடிப்பலகையைப் பக்கப் பலகைகளுக்குக் கீழே வைத்து ஆணியால் அடித்துவிடுகிறார்கள். 70 கிலோ சுமை அந்த ஆணிகளைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஊர்வலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். அடிப்பலகை பக்கங்களுக்கு உள்ளே அமர வேண்டும். அதன் கீழே 2 அங்குல ரீப்பர் சட்டம் சுற்றிலும் ஓடி, பக்கங்களோடு திருகால் பிணைக்கப்பட வேண்டும். அதற்குக் கீழே குறுக்காக இரண்டு ரீப்பர், தோளுக்கு நேரே ஒன்று, முழங்காலுக்கு நேரே ஒன்று. பெஞ்சிலிருந்து தூக்கும்போது விரல் நசுங்காமல் இருக்கவும், குழியில் இறக்கிய பின் கயிற்றை உருவவும் அந்த ஓரங்குல இடைவெளிதான் உதவும். பெட்டி வந்ததும் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கடைக்காரர் தவறாக நினைக்கமாட்டார், நல்ல ஆசாரியாக இருந்தால் அவரே கவிழ்த்துக் காட்டுவார்.

கைப்பிடிகளில் பாதி வெறும் அலங்காரம். தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக்கை அரை அங்குலத் திருகில் 12 மி.மீ. பிளைவுட்டில் மாட்டியிருப்பார்கள். பெட்டியும் உடலுமாக 105 முதல் 120 கிலோ. ஆறு பேருக்கு ஆளுக்கு 20 கிலோ என்று கணக்கு வந்தாலும், கோவில் படி ஏறும்போது பின்னால் இருக்கும் இருவர் கையில்தான் பெரும்பாரம் விழும். இரும்புக் கைப்பிடி, குறுக்கே ஊடுருவும் போல்ட், உள்பக்கம் வாஷரும் நட்டும் இருந்தால்தான் அதைப் பிடித்துத் தூக்கலாம். இல்லையென்றால் கைப்பிடியைத் தொடாமல், அடியில் கை கொடுத்துத் தோளில் ஏற்றுங்கள். சுமப்பவர்களிடம் இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே விரிப்பது

வெள்ளை சாட்டினும் லேஸும் மேலே தெரிவது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் ஊர்வலத்தில் பெட்டி மூலையிலிருந்து நீர் ஒழுகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. முதலில் ஒரே துண்டாகக் கனமான பாலித்தீன் ஷீட், நான்கு பக்கமும் 6 அங்குலம் மேலேறும்படி. பக்கத்தில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின் ஷீட்டின் மேல் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். அடியில் பின் அடித்தால் ஷீட்டே வீண். அதன் மேல் ஓரங்குலம் காய்ந்த மரத்தூள் அல்லது உமி, அதன் மேல் பஞ்சு மெத்தை, கடைசியில் துணி. பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த உடலாக இருந்தால் மரத்தூளை இரண்டு அங்குலமாக்குங்கள், தலைக்கடியிலும் சேர்த்து. மண்டையோட்டுத் தையலிலிருந்துதான் கசிவு வரும். ஃபோம் மெத்தை நீரை உறிஞ்சி, அழுத்தியதும் வெளியே விடுகிறது. அதற்குப் பஞ்சே மேல்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. திருமணமாகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வெள்ளைப் பெட்டி என்பது பரவலான வழக்கம். மற்றவர்களுக்குக் கறுப்பு, மெரூன், மர நிறம். பெந்தெகொஸ்தே சபையார் சிலர் சிலுவைச் சின்னம் வேண்டாம், வசனம் போதும் என்பார்கள். சபை எது என்று கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று அடித்த பெயின்டாக இருந்தால் தின்னர் வாடை சிறிய கூடத்தில் தலைவலியைக் கொடுக்கும். பெட்டியை இரண்டு மணி நேரமாவது வெளியே காற்றாட வைத்தபின் உள்ளே கொண்டுவாருங்கள்.

ஐஸ் பெட்டி

இப்போது பார்வை நேரத்தின் பெரும்பகுதி ஐஸ் பெட்டியில்தான் கழிகிறது. அமெரிக்காவில் பார்வைக்கு மட்டும் ஒரு நல்ல பெட்டியை வாடகைக்கு எடுத்து, அடக்கத்துக்கோ தகனத்துக்கோ எளிய பெட்டிக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே அந்த இடத்தை ஐஸ் பெட்டி எடுத்துக்கொண்டது. அதனால் சவப்பெட்டியில் அலங்காரத்துக்குச் செலவிடும் தொகையைக் குறைத்து, நல்ல ஐஸ் பெட்டிக்குக் கொடுப்பது அறிவுடைமை.

உடலை வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஓடவிட்டுக் குளிர்த்த வேண்டும். 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் போதும். வெயில் காலம் என்று சொல்லிக் கடைசி வரை திருகிவிட்டால் முகத்தோல் உறைந்து கறுக்கிறது, வெளியே எடுத்ததும் குப்பென்று வியர்க்கிறது. குளிர்ந்த உடலில் வெளிக்காற்று பட்டால் நீர் முத்துமுத்தாகப் படியும். அதைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகிவிடும். சவப்பெட்டிக்கு மாற்றிய பின் கால் மணி நேரம் விட்டு, ஒற்றிவிட்டு, பிறகு கூட்டத்தைப் பார்க்க விடுங்கள்.

மேல் கண்ணாடி மங்குவதற்குக் காரணம் அடிக்கடி திறப்பது. மாலை போடுகிறவர்கள் ஒவ்வொருவரும் திறக்கச் சொல்வார்கள். மாலையைக் கால்மாட்டில் கண்ணாடியின் மேல் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளே போட்டால் குளிர்காற்று வரும் வழி அடைபடும். கம்ப்ரஸர் இருக்கும் பக்கம் ஓரடி இடைவெளி விட வேண்டும். அங்கே அரிசி மூட்டை, நாற்காலி, தேங்காய்க் கூடை என்று எதையாவது நெருக்கி வைத்துவிடுகிறார்கள், கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடுகிறது. வெயில் நேரே விழும் வாசலில் ஐஸ் பெட்டி வேலை செய்யாது. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போனால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் தர்மபுரி வெயிலுக்கு வீட்டுக்குள்ளோ தென்னங்கீற்றுப் பந்தலிலோதான் வைக்க வேண்டும்.

மின்சாரத்தில்தான் உயிர் ஆபத்து. பெட்டியின் உடல் தகரம் அல்லது ஸ்டீல், தரை ஈரம், சுற்றிலும் இருபது பேர் அதைத் தொட்டு, அதன் மேல் சாய்ந்து அழுகிறார்கள். எர்த் இல்லாத இணைப்பில் கசிவு வந்தால் நிலைமை பயங்கரமாகிவிடும். மூன்று முனை பிளக் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது முனையை உடைத்து இரண்டு முனைப் பலகையில் சொருகியிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஓடவிட்டதும் உடல் பகுதியில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எர்த் கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டு இணைப்பிலிருந்து, தனி 15 ஆம்பியர் பிளக்கில் கொடுங்கள். மைக் செட், சீரியல் விளக்கு, மின்விசிறி எல்லாம் ஓடும் அதே எக்ஸ்டென்ஷன் பலகையில் கொடுத்தால் ஒயர் உருகும். கிராமங்களில் இரவு வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் தருகிறார்களா என்று கேளுங்கள். கரன்ட் போனால் திறக்காமல் மேலே கனமான போர்வை போர்த்தினால் கொஞ்ச நேரம் குளிர் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் வர வேண்டும்.

பெட்டி வந்ததும் உள்ளே முகர்ந்து பாருங்கள். பழைய வாடை இருந்தால் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். நீர் வெளியேறும் குழாய் அடைபடாமல் இருக்கிறதா, அதன் கீழே வாளி வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வாடகை 24 மணி நேரத்துக்கா, காலையிலிருந்து மாலை வரைக்கா, வண்டிக்கூலி சேர்ந்ததா என்று பேசி முடிப்பதும் அந்த நேரத்தில்தான். அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு உடலைக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கேட்கலாம். ஐஸ் பெட்டிக்காரரின் வண்டிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

விறைப்பதற்கு முன்

எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் முகம் கெட்டுவிடும். 2 முதல் 4 மணி நேரத்துக்குள் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும், 12 மணி நேரத்துக்குள் உடல் முழுதும் விறைக்கும், வெயிலில் இன்னும் சீக்கிரம். இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைப்பது, தாடைக்கட்டு, கால் கட்டைவிரல் கட்டு, கைகளை மடிப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். மார்பில் கைகோத்த கோலத்தில் வைக்க நினைத்தால் மணிக்கட்டுகளை மெல்லிய துணியால் சேர்த்துக் கட்டி, விறைத்தபின் அவிழ்க்கலாம். தலை உயரமாக இருக்க வேண்டும். மட்டமாகப் படுக்க வைத்தால் ரத்தம் கழுத்திலும் காதிலும் இறங்கித் தேங்கி ஊதா நிறமாகிவிடும், அதைப் பிறகு மாற்ற முடியாது. பெரியவர்கள் முதலில் தலையணை தேடுவது சரியான வேலை.

லிங்காயத்துக் குடும்பங்கள் போல உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்யும் வழக்கமுள்ளவர்கள் ஐஸ் பெட்டி எடுக்குமுன் யோசிக்க வேண்டும். நீட்டிப் படுக்க வைத்துக் குளிர்த்திவிட்டால் விறைப்பு நெடுநேரம் நீடிக்கும். பிறகு உட்கார வைக்க மூட்டுகளை வலிந்து மடக்க வேண்டிவரும், பார்க்கிறவர்களால் தாங்க முடியாது. அன்றே எடுப்பதுதான் நல்லது. முடியாதென்றால், உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றும் எம்பாமிங்குக்கு முன்பே இந்தத் தேவையைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டியிருந்தால், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வர வேண்டுமென்றால், ஐஸ் பெட்டியை நம்பாமல் எம்பாமிங் செய்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். ஃபார்மலின் ஏற்றிய உடல் கெட்டியாகும், நிறம் சற்று மாறும், ஆனால் முகம் நிற்கும்.

வளைகுடாவிலிருந்து பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு வரும் உடல், உள்ளே துத்தநாகத் தகடு வைத்துக் காற்றுப்புகாமல் அடைத்த பெட்டியில் வரும். அந்தப் பெட்டி மிகக் கனம், கைப்பிடி சரக்கு ஏற்றுவதற்கானது, அகலமும் கூடுதல். அதையே பார்வைக்கு வைக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ மருத்துவமனைப் பிணவறையில் தகரம் வெட்டும் கத்தரியோடு திறந்து, முகத்தின் நிலையைக் குடும்பத்தில் திடமான ஒருவர் முதலில் பார்த்து, அதற்குப் பிறகு ஊரார் பார்க்கலாமா என்று முடிவு செய்வது நல்லது. இங்கே தயாராக வைத்த பெட்டிக்கு மாற்றியே ஊருக்குள் கொண்டுவர வேண்டும். இறப்புக் காரணம் தொற்று என்று சான்றிதழில் இருந்தால் திறக்கவே கூடாது.

தகனம் செய்ய முடிவெடுத்த கிறிஸ்தவக் குடும்பங்களும் இப்போது உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது, சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்கச் சொல்கிறது. அப்படியானால் பெட்டி பார்வைக்கு மட்டும்தான். எரிவாயு மேடைக்கு ரெக்சின், சன்மைக்கா, அக்ரிலிக், இரும்புக் கைப்பிடி எதுவும் போகக் கூடாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே எடுக்கச் சொல்லுங்கள், சூட்டில் வெடிக்கும்.

குழிக்குச் சொல்ல வேண்டிய அளவு

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நாலடிக்குக் கீழே பாறை. வெட்டுபவர் வழக்கமான அளவுக்கு வெட்டிவிட்டுப் போய்விடுவார், கடைசி நேரத்தில் அகலப்படுத்த முடியாது. பெட்டி உறுதியானதும் வெளி நீளம், கைப்பிடியோடு சேர்த்து வெளி அகலம், மூடியோடு சேர்த்து மொத்த உயரம் மூன்றையும் குழி வெட்டுபவருக்கோ உபதேசியாருக்கோ சொல்லுங்கள். குழி ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். குடும்பக் கட்டுக் கல்லறையாக இருந்தால் உள் அகலத்தை நேரில் போய் அளந்துவிட்டுத்தான் பெட்டியே சொல்ல வேண்டும். பழைய கட்டுகளில் நேர்ப்பெட்டி நுழையாது, ஆறு மூலைப் பெட்டிதான் இறங்கும். குழிகளை மறுபடி பயன்படுத்தும் பங்குக் கல்லறைத் தோட்டங்களில் இரும்புப் பெட்டியும் ரெக்சின் உறையும் மட்காமல் கிடப்பதால் அடுத்த தலைமுறைக்குத் தொல்லை. அங்கே மரமும் பருத்தித் துணியும் மட்டுமே போதும், பாலித்தீன் ஷீட்டையும் மூடுவதற்கு முன் விளிம்போடு வெட்டிக் குறைத்துவிடலாம். இறக்குவதற்கு 20 அடிக் கயிறு இரண்டு, நைலானை விடத் தேங்காய்நார்க் கயிறு, கையில் வழுக்காது. குறுக்கு ரீப்பர்களுக்கு உட்பக்கமாகக் கயிறு போக வேண்டும். வெளிப்பக்கம் போட்டால் கால் பக்கம் இறங்கும்போது நழுவி வந்துவிடும்.